கடை விரித்தோம், கேட்பார் எங்கே?

 

நம் சமுதாயத்து இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு கடை இருக்கிறது. அதற்குக் கதவும் இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. கணவர் வளைகுடா நாட்டில் உழைத்துக்கொண்டிருக்க, வீட்டிலிருந்தபடியே புர்கா தைத்து விற்கும் சகோதரி. கீழக்கரைத் தொதலைப் பெட்டியிலிட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் தாயார். படித்து முடித்து வேலை கிடைக்கும்வரை அத்தர் விற்கும் இளைஞர். கணவரை இழந்தபின் பிறர் கையை எதிர்பாராமல் பிள்ளைகளை ஆளாக்க முனைந்திருக்கும் பெண்மணி. இவர்கள் அனைவரும் கைப்பேசியில்தான் கடை விரித்துள்ளனர். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகச் சீமாட்டியாக விளங்கிய வரலாற்றைப் பெருமையுடன் பேசும் சமுதாயத்தில், பெண்கள் கண்ணியம் குறையாமல் பொருளீட்ட ஒரு வழி திறந்திருப்பது அல்லாஹ்வின் அருட்கொடையே.

ஆயினும் இவர்களிடம் ஒரு மனக்குறை உண்டு. "நாள் தவறாமல் படம் போடுகிறோம்; ஒருவரும் வாய் திறப்பதில்லையே!" என்கின்றனர். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எண்ணூறு பேர். ஆனால் ஒரு பதிவுக்கு விழும் விருப்பக்குறிகளோ ஐந்து. அந்த ஐந்தில் சாச்சி போட்டது ஒன்று, மாமி போட்டது ஒன்று, மதினி போட்டது ஒன்று. எஞ்சிய இரண்டும் யாரென்றே தெரியாதவர்கள். வாங்குவார் இல்லாவிடினும் போகட்டும், கேட்பாரும் இல்லையே என்பதுதான் அவர்களுடைய ஏக்கம். இந்த ஏக்கத்தை வெறும் புகழாசை என்று ஒதுக்கிவிட முடியாது. அடுப்பெரிவதும் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் இதைச் சார்ந்திருக்கும் இல்லங்கள் உள்ளன.

கடைத்தெருவில் ஒரு கடையின் முன்னால் நான்கு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால், ஐந்தாமவர் தாமாகவே எட்டிப் பார்ப்பார். சமூக ஊடகங்களின் இயந்திரமும் ஏறத்தாழ இந்த வழக்கத்தையே தன் விதியாக வைத்துக்கொண்டுள்ளது. முகநூலில் விருப்பக்குறி அறிமுகமானது 2009ஆம் ஆண்டில். சிரிப்பு, வியப்பு, கோபம் முதலிய முகக்குறிகள் 2016இல் வந்தன. 2018 ஜனவரியில் அந்நிறுவனத்தின் தலைவர் மார்க் ஜக்கர்பெர்க் ஓர் அறிவிப்புச் செய்தார். மக்கள் ஒருவரோடொருவர் உரையாடும் பதிவுகளையே இனி முன்னிறுத்துவோம். வணிக நிறுவனங்களின் வெறும் அறிவிப்புகள் குறைவாகவே காட்டப்படும் என்பதே அதன் சாரம். பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் வழியாக 2021இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களில், அப்போது நடைமுறைக்கு வந்த கணக்கு காணப்பட்டது. ஒரு விருப்பக்குறிக்கு 1 புள்ளி என்றால் ஒரு முகக்குறிக்கு 5 புள்ளி. பொருள் பொதிந்த ஒரு கருத்துரைக்கோ 30 புள்ளி! பின்னர் அக்கணக்கு பலமுறை மாறியது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் கூறியபோது, ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார், விரும்புகிறாரா, தம் நண்பருக்குத் தனியே அனுப்புகிறாரா என்ற மூன்றையும் முக்கிய அளவுகோல்களாகக் குறிப்பிட்டார். எண்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை. பேசப்படும் பதிவு பலருக்குக் காட்டப்படுகிறது. பேச்சற்ற பதிவு, போட்டவரின் சாச்சியோடு நின்றுவிடுகிறது.

எனவே நம் சகோதரிகளின் கேள்வி நியாயமான கேள்விதான். பேச வைப்பது எப்படி?

நம்மவர்களின் பதிவுகளைச் சற்றே உற்று நோக்குங்கள். "புதிய வரவு! தரமானது! விலைக்கு இன்பாக்ஸில் தொடர்பு கொள்ளவும்!" இதைப் படிக்கும் ஒருவர் என்ன மறுமொழி சொல்ல இயலும்? இது சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பு. சுவரொட்டியுடன் எவரும் உரையாடுவதில்லை. சிலர் இதை உணர்ந்து, "எங்கள் பொருள்களைப் பற்றி உங்கள் மேலான கருத்து என்ன?" என்று கேட்டுப் பார்க்கின்றனர். அதற்கும் மௌனமே பதில். ஏனெனில் கேள்வி பெரிது. கேட்கப்பட்டவருக்கு அதில் சொல்ல ஏதுமில்லை. எதிரிலிருப்பவர் நன்கறிந்த, ஓரிரு சொற்களில் சொல்லிவிடக்கூடிய, உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டிய ஒன்றைக் கேட்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்த கேள்விக்கே விடை வரும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் கோரைப் பாய் அது. புவிசார் குறியீடு பெற்றது. கோரையை நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கீறி, சாயமேற்றி நெய்வார்கள். மிக நுண்ணிய பட்டுப் பாயைத் துணிபோல மடித்துவிடலாம். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கமும் அங்கு உண்டு. இத்தகைய பாயை விற்கும் ஒரு சகோதரி, விரித்த பாயின் படத்தை மட்டும் போட்டு "அழகிய பாய்கள் கிடைக்கும்" என்று எழுதினால், பார்ப்பவர் "அழகுதான்" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

அதே சகோதரி, பொதுவான கோரைப் பாயின் ஓரத்தையும் பட்டுப் பாயின் ஓரத்தையும் அருகருகே வைத்து, விரல் நுனி தெரியுமாறு ஒரு படம் எடுக்கட்டும். "இரண்டும் கோரைதான், ஒன்றை நெய்யச் சில நாள், மற்றொன்றை நெய்யப் பல வாரம். எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என எழுதட்டும். பாயிலே பிறந்து பாயிலே வளர்ந்த நம் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள், "உங்கள் வீட்டில் பாயை எப்படிப் பாதுகாப்பார்கள்? வெயிலில் காய வைப்பதா, நிழலிலா?" என்று கேட்கட்டும். வெயில் என்பார் ஒருவர். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பார் மற்றொருவர். "எங்கள் நன்னி சுருட்டித்தான் வைப்பார்கள், மடிக்கவே விடமாட்டார்கள்" என்பார் இன்னொருவர். அவர்களுக்குள்ளேயே பேச்சு வளரும். விற்பவர் நடுவில் இருந்து, சரியான முறையைச் சொல்லலாம். அங்கே ஒரு பொருளும் விற்கப்படவில்லை. ஆயினும் அறுபது பேர் மனத்தில் அந்தப் பாய் விரிந்துவிட்டது.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. "இவ்வாரம் பன்னிரண்டு தொழுகைப் பாய்களுக்கான கோரை மட்டுமே கைவசம் உள்ளது. கரைக்குப் பச்சையா, மெரூனா?" என்று கேட்பது. ஆனால் ஒரு நிபந்தனை. பெரும்பாலோர் பச்சை என்றால் பச்சையையே நெய்ய வேண்டும். நெய்த பின் தறியோடு படம் எடுத்து, "நீங்கள் சொன்ன பச்சை இதோ" என்று காட்டவும் வேண்டும். கேட்டுவிட்டுத் தம் விருப்பம்போல் நடப்பவரிடம் மக்கள் மறுமுறை வாய் திறக்கமாட்டார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நடந்தது நாம் அறிந்ததே. தோழர்கள் மனம் சோர்ந்து அசையாதிருந்த வேளையில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையை எடுத்துரைத்தார்கள். எவரிடமும் ஏதும் பேசாமல் முதலில் தாங்கள் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு அன்னையவர்கள் யோசனை கூற, அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் எழுந்துவிட்டார்கள். கேட்ட யோசனையைச் செயலில் காட்டுவதே ஆலோசனைக்கு உயிர். பாயின் கரை சிறிய விஷயம்தான். சிறிய விஷயத்திலும் பழக்கம் ஒன்றே.

தொதல் விற்பவருக்கும் இது பொருந்தும். பெட்டியில் அடுக்கிய தொதல் துண்டங்கள் ஒரு படம், அவ்வளவே. தேங்காய்ப் பால் கொதித்து, மாவும் இனிப்பும் இறுகி, எண்ணெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்டுவதை அரை நிமிடம் எடுத்துக் காட்டினால், அதைப் பார்க்காமல் நகர்பவர் குறைவு. "யார் வீட்டில் யார் கிண்டுவார்கள்?" என்று ஒரு கேள்வி போதும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மறுமொழி வரும். பிறந்த வீட்டின் அடுப்பங்கரையை நினையாதவர் உண்டோ?

இங்கே சகோதரிகள் சிலர் கேட்பது: "முகத்தைக் காட்டிப் பேசினால்தான் மக்கள் பார்க்கிறார்களாமே?" முகத்தைவிடக் கை அதிகம் பேசும் தொழில்கள் நம்முடையவை. கோரை கீறும் விரல், துடுப்பு பிடித்த மணிக்கட்டு, கத்தரிக்கோல் துணியில் ஓடும் ஓசை இவை போதும். புர்காவை மாட்டியில் தொங்கவிட்டே தையலின் நுணுக்கத்தைக் காட்டலாம். பிள்ளைகளின் முகத்தை வியாபாரத்துக்கு முன்னிறுத்துவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு அப்பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இனி, மறுமொழி வந்தபின் நாம் நடந்துகொள்ளும் முறை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒருவர் ஸலாம் உரைத்தால் அதனினும் சிறப்பாக, இல்லையேல் அதேயளவேனும் திருப்பி உரைக்குமாறு நம் மார்க்கம் பணிக்கிறது. கருத்துரைக்கும் ஸலாமுக்கும் சட்டம் ஒன்றல்ல. எனினும் பண்பு ஒன்றே. காலையில் ஒரு பெண்மணி "அளவு என்ன?" என்று கேட்டு, அது மூன்று நாள் பதிலின்றிக் கிடந்தால், கடைக்குள் வந்து நின்றவரை ஏறெடுத்தும் பாராமல் இருந்ததற்குச் சமம். அன்றே பதில் சொல்லுங்கள். "ஆம்", "இல்லை" என்பதோடு நிறுத்தாமல், பதிலுக்குள் ஒரு சிறு கேள்வியையும் வையுங்கள். "ஆறடிக்கு மூன்றடி. ஒருவருக்கா, பிள்ளையோடு படுக்கவா?" பேச்சு தொடரும்.

விலையைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. "இன்பாக்ஸுக்கு வாருங்கள்" என்ற வாசகத்தைக் கைவிடுங்கள். இதனால் உரையாடல் பெருகும் என்று யாரோ கற்பித்துவிட்டார்கள். நடப்பது வேறு. கேட்டவர் ஒருவர் உள்ளே வருகிறார். கேட்க எண்ணியிருந்த பத்துப் பேர் வெளியிலேயே திரும்பிவிடுகின்றனர். விலையை மறைப்பவர் ஆளுக்கொரு விலை சொல்கிறார் என்ற ஐயமும் எழுகிறது. விலை அறியப்பட்டிருப்பது வியாபார ஒப்பந்தம் செல்லுபடியாவதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்று என்பதை மதரஸாவின் ஆரம்பப் பாடத்திலேயே படிக்கிறோம். நம் நாட்டின் மின்வணிக விதிகள், 2020இன்படியும், மின்வணிகத் தளத்தின் வழியே விற்பவர் மொத்த விலையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெண்கள் நடத்தும் கடைக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அளவு, விலை, அஞ்சல் செலவு யாவும் பொதுவிலேயே எழுதப்பட்டிருந்தால், முன்பின் அறியாத ஆண்கள் தனிச் செய்தியில் வந்து பேச்சை வளர்க்க வேலையே இல்லை.

மறுபுறம், பொதுவில் பெயர் தெரியக் கருத்து எழுத விரும்பாத பெண்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் மௌனத்தை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். இன்ஸ்டாகிராமின் ஸ்டோரியில் "பச்சையா, மெரூனா" என்று வாக்குப் பெட்டி வைத்தால், யார் எதற்கு வாக்களித்தார் என்பது பக்கத்தை நடத்துபவருக்கு மட்டுமே தெரியும், பிறருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழுமத்தில் வைக்கும் வாக்கெடுப்போ அப்படியன்று. குழுமத்தில் உள்ள அனைவருக்கும் பெயர் தெரியும். இந்த வேறுபாட்டை அறிந்து வைத்தால், கூச்சமுள்ள சகோதரிகளும் தயங்காமல் பங்கேற்பர்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் இரண்டொரு சொல். வாடிக்கையாளர்களையெல்லாம் ஒரே குழுமத்தில் சேர்த்துவிடுவது நம்மவர் வழக்கம். அதனால் ஒரு பெண்ணின் எண் நூறு அந்நியர் கைக்குப் போகிறது. ஒளிபரப்புப் பட்டியல் என்று ஒன்றிருக்கிறது. அதில் ஒருவரின் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அச்செய்தி சென்று சேரும். ஆகவே முதல் பொருளை அனுப்பும்போதே ஒரு சீட்டில், "எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஜமாஅத் குழுமத்திலும் மதரஸாக் குழுமத்திலும் கேட்காமல் விளம்பரம் போடுவதை அருள்கூர்ந்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனாஸா அறிவிப்புக்குக் கீழே அத்தர் விளம்பரம் வந்தால், அந்த அத்தரை யார் வாங்குவார்?

அடுத்து, யாவரும் அஞ்சுகின்ற கருத்துரை ஒன்றுண்டு. அதுதான் குறை கூறும் கருத்துரை. "நான் வாங்கிய பாயின் சாயம் தலையணை உறையில் ஒட்டிவிட்டது" என்று ஒருவர் பொதுவில் எழுதிவிடுகிறார். உடனே கை பதறி அதை அழித்துவிடுவதே பெரும்பாலோர் செய்வது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரத்தை உணர்ந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்குமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று என்பதைக் கவனியுங்கள். நனைந்ததை அடியில் தள்ளியதே குற்றம். சாயம் ஒட்டுவதும் சில வேளை உங்கள் கையில் இல்லை. அந்தக் கருத்துரையை அழிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அழிக்காமல், அங்கேயே எல்லாரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். "சகோதரி, வருந்துகிறோம். அந்தச் சிவப்புச் சாயம் முதல் முறை ஈரத் துணியால் துடைக்கும்வரை ஒட்டக்கூடும்; இதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பாயை மாற்றித் தரவா, பணத்தைத் திருப்பவா?" இத்தகைய ஒரு பதில், நூறு "சூப்பர்"களுக்கு ஈடாகாது, அவற்றினும் மேலானது. பார்த்துக்கொண்டிருக்கும் மௌனமான எழுநூறு பேரும் அறிய விரும்புவது, நாளை தமக்கு ஒரு குறை நேர்ந்தால் இவர் எப்படி நடப்பார் என்பதையே. அடுத்த பதிவில் அந்தச் சாயத்தைப் பற்றி நீங்களே முன்வந்து எழுதினால், ஈரத் தானியத்தை மேலே வைத்தவராவீர்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்திக்கொண்டால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. தெளிவுபடுத்துதல் என்பதை உண்மை பேசுதலோடு தனியே சேர்த்துச் சொல்லியிருப்பதை எண்ணிப் பாருங்கள். பொய் சொல்லாதிருந்தால் மட்டும் போதாது போலும்.

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம். பேச்சை உண்டாக்கக் குறுக்கு வழிகள் பல விற்கப்படுகின்றன. ஆயிரம் விருப்பக்குறி இத்தனை ரூபாய், நூறு கருத்துரை இத்தனை ரூபாய் என்று வெளிப்படையாகவே விலை கூறுகின்றனர். பணம் கொடுக்க மனமில்லாதவர் தம் தங்கைமாரிடம், "நீ வாங்கியதுபோல் எழுதிவிடு" என்கின்றனர். குடும்பத்துக்குள் ஓர் உதவி என்றே இதைக் கருதுகின்றனர். நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: நஜ்ஷ். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரைத் தூண்டுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதையோ பொருளைப் பொய்யாகப் புகழ்வதையோ அச்சொல் குறிக்கும். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அரபி மொழியில் அச்சொல்லின் மூலப் பொருள், வேட்டைப் பிராணியை ஒளிந்த இடத்திலிருந்து கிளப்பி விடுவதாம். தங்கை எழுதிய "வாங்கினேன், மிக அருமை" என்ற வரியைப் பார்த்து, எங்கோ ஒரு ஊரில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அனுப்புகிறாரே ஒரு பெண்மணி, அவர்தான் கிளப்பி விடப்பட்ட மான்.

நாட்டுச் சட்டமும் இதில் மார்க்கத்தோடு ஒத்துப் போகிறது. நான் முன்பு குறிப்பிட்ட 2020ஆம் ஆண்டின் விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. இணையத்தில் வரும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. உலகியல் கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. விலைக்கு வந்த ஆயிரம் பேர் உங்கள் அடுத்த பதிவைத் திறந்தும் பார்ப்பதில்லை. பின்தொடர்பவர் எண்ணிக்கை பெருத்து, பேசுபவர் விகிதம் சிறுத்துப்போகிறது.

இன்னொரு வழி இதைவிட வேதனையானது. கஅபாவின் படத்தைப் போட்டு, "ஆமீன் என்று எழுதாமல் கடந்து போகாதீர்கள், பத்துப் பேருக்குப் பகிராதவர்..." என்று மிரட்டி, கீழே கடையின் பெயரையும் எண்ணையும் இடுவது. துஆவைத் தூண்டிற்புழு ஆக்கும் இச்செயலைப் பற்றி வேறென்ன சொல்ல! ஆமீன் எழுதிய எண்ணூறு பேரில் புர்கா வேண்டுமென்று எழுதியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், உலகியல் நோக்கில்கூட அதன் வெறுமை புரியும். விரும்பு, பகிர், நண்பரைக் குறிப்பிடு என்று கெஞ்சியும் தூண்டியும் பெறப்படும் மறுமொழிகளுக்காக எழுதப்படும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக முகநூல் நிறுவனமே 2017 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

கோபத்தைக் கிளப்பிக் கூட்டம் சேர்ப்பவரும் உளர். இரு ஊராருக்கிடையே, இரு ஜமாஅத்தினருக்கிடையே உள்ள பழைய சச்சரவைச் சீண்டிவிட்டால் இருநூறு கருத்துரை வரும் என்பது உண்மையே. முன் சொன்ன உள் ஆவணங்களின்படி, கோப முகக்குறியும் ஒரு காலத்தில் ஐந்து விருப்பக்குறிக்குச் சமமாக எண்ணப்பட்டது. அதனால் விளைந்த கேட்டைக் கண்டு, 2020 செப்டம்பரில் அதன் மதிப்பைச் சுழியமாக்கினர். சண்டை பார்க்க வந்த கூட்டம் சண்டை முடிந்ததும் கலைந்துவிடும். தொதல் வாங்க நிற்காது.

பரிசுப் போட்டியைப் பற்றிச் சிலர் கேட்டுள்ளனர். "மூன்று பேரைக் குறிப்பிடுங்கள், குலுக்கலில் ஒரு புர்கா இலவசம்" என்பது. பங்கேற்பவர் பணம் செலுத்தியோ பொருள் வாங்கியோதான் குலுக்கலில் சேர முடியும் என்றால் அது சூதாட்டத்தின் வாசலைத் தட்டுகிறது, நெருங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019உம் விற்பனையைப் பெருக்கும் குலுக்கல்களை நியாயமற்ற வணிக முறைகளுள் வைத்துப் பேசுகிறது. குலுக்கலே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. அந்தப் புர்காவை, சென்ற மாதம் மிகப் பயனுள்ள யோசனை சொன்ன சகோதரிக்கு அன்பளிப்பாக அனுப்பிவிடுங்கள்; எந்த யோசனை, அதனால் உங்கள் தையலில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பதிவை முன்கூட்டியே எழுதிவைத்து, குறித்த நேரத்தில் தானே வெளிவரச் செய்யும் வசதி இப்போது உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னது முதல் ஜும்ஆ முடியும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். பதிவு தானாகப் போய்விடும்; கேள்வி கேட்டவர் காத்திருப்பார்; ஆண்கள் நடத்தும் கடையானால் தொழுகை வரிசையில் கைப்பேசி அதிரும். ரமளானில் நோன்பு திறக்கும் நேரம் வேண்டவே வேண்டாம். தராவீஹ் முடிந்து வீடுகளில் சற்று ஓய்ந்திருக்கும் பொழுது ஏற்றது. எல்லா நாளும் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதில் சொல்ல ஆளில்லாத நாளில் பதிவு இடாதிருப்பதே மேல்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். விருப்பக்குறிகளை எண்ண வேண்டாம். யார், எந்த ஊரிலிருந்து, என்ன கேட்டார் என்பதை மட்டும் வரிசையாக எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், "தொட்டிலுக்கு ஏற்ற அளவில் பாய் கிடைக்குமா?" என்று நான்கு பேர் வெவ்வேறு நாளில் கேட்டிருப்பது தெரியவரும். அப்படியானால் அடுத்த பதிவுக்காக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. தொட்டில் அளவில் ஒரு பாய் நெய்து, தரையில் விரித்து, பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள், அந்த நால்வரையும் அழைத்துக் காட்டுங்கள், விலையையும் எழுதிவிடுங்கள்.